தொட்டறிதல்: தொழுநோய் கண்டறிதலும் செங்கை, காஞ்சி வட்டாரமும்

நாலடியாரில் தீவினையச்சம் என்றோர் அதிகாரம் உண்டு. அதில் வரும் பாடல் ஒன்று தொழுநோயைப் பேசுகிறது. உள்ளங்கை எஞ்சி நிற்க, விரல்கள் மட்டும் அழுகிக் குறையும் நோய் என்று அப்பாடல் அந்நோயை அடையாளம் காட்டுகிறது. முன்னொரு பிறப்பில் நண்டின்மேல் ஆசை வைத்து, அதன் கால்களை ஒடித்துத் தின்ற பழவினையே இவ்வாறு வந்து சேர்ந்தது என்று காரணமும் கூறுகிறது. இலக்கிய மாணவர் இப்பாடலை வினைக்கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அதனை மருத்துவக் கண்கொண்டும் படித்தல் தகும். நண்டுக்கு ஓடு எஞ்சிக் கால்கள் போயின. மனிதனுக்கு அங்கை எஞ்சி விரல்கள் போயின. புலவர் நோயாளியின் கையை அருகிருந்து உற்று நோக்கியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. அவர் கண்ட காட்சி மெய். அதற்கு அவர் சொன்ன காரணத்தைத்தான் பின்வந்தோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் திருத்தாமல் வைத்திருந்தனர்.

1954ஆம் ஆண்டு கிருஷ்ணன் பஞ்சு இயக்கத்தில் 'ரத்தக்கண்ணீர்' திரைப்படம் வெளிவந்தது. எம்.ஆர். ராதாவின் நடிப்பைத் தமிழகம் இன்றும் மறக்கவில்லை. மனம்போன போக்கில் வாழ்ந்தவனுக்குத் தொழுநோய் தண்டனையாக வருகிறது என்பதே அக்கதையின் அச்சாணி. முற்பிறப்பு இப்பிறப்பாயிற்று, நண்டு தின்றது பரத்தைமை ஆயிற்று, எண்ணம் மட்டும் மாறவில்லை. படம் வெளிவந்ததற்கு ஏழாண்டுகள் முன்னரே, காஞ்சியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கல்பட்டில், விரல்கள் ஏன் குறைகின்றன என்னும் வினாவுக்கு விடை காணும் முயற்சி தொடங்கிவிட்டது. அம்முயற்சி ஒரு கைகுலுக்கலில் தொடங்கியது. தோல்நோய் மருத்துவ வரலாற்றில் நம் வட்டாரத்திற்குரிய இடத்தை எடுத்துரைப்பதும், கையால் வாழும் இந்நெசவு நகரத்திற்கு அதனால் பெறப்படும் பயன் யாது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லில் தொடங்கும் மயக்கம்

நோய் கண்டறிதல் ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது வீட்டார் நோய்க்கு இடும் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. குட்டம், குஷ்டம், பெருநோய், பெருவியாதி, தொழுநோய் எனப் பல பெயர்கள் தமிழில் வழங்கி வந்துள்ளன. இவற்றுள் குஷ்டம் என்னும் வடசொல் பழைய மருத்துவ நூல்களில் தோல்நோய்கள் பலவற்றுக்கும் பொதுப்பெயராகும். ஆயினும் வழக்கில் அது ஒரே நோயின் பெயராய்ச் சுருங்கிற்று. சுருங்கிய பின்னும் பழைய பொதுமை முற்றிலும் நீங்கவில்லை. தோலின் நிறமிக் குறைவால் உண்டாகும் வெள்ளைத் திட்டுகளுக்கு 'வெண்குட்டம்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டமை அதனாலேயே ஆகும். தொழுநோய்க்கும் அவ்வெள்ளைத் திட்டுகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அது தொற்றாது, கிருமியால் வருவதன்று, அத்திட்டுகளில் தொடு உணர்வு முழுமையாக இருக்கும். அவ்வாறிருந்தும் அந்தப் பெயர் ஒன்றினாலேயே திருமணம் தடைப்பட்ட பெண்கள் இத்தமிழ் நிலத்தில் எத்தனையோ பேர். 'வெண்புள்ளி' என்னும் சொல்லை இன்று மருத்துவர்களும் இதழ்களும் கையாள்வது வரவேற்கத்தக்கது. தமிழ்த்துறையினராகிய நாம் அதனை நிலைபெறச் செய்யக் கடமைப்பட்டவர்கள்.

இம்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அரபு மருத்துவ நூலோர் ஜுதாம் என்று தொழுநோயையும், பரஸ் என்று தோல் வெளுக்கும் நோயையும் வேறு பிரித்து வழங்கினர். இப்னு சீனாவின் 'கானூன்' ஜுதாமைத் தனியே எடுத்து விளக்குகிறது. அவருக்கும் முற்பட்ட அர்ராஸி, அம்மையும் மணல்வாரியும் வெவ்வேறு நோய்கள் எனத் தோலின் குறிகளைக் கொண்டே பிரித்துக்காட்டித் தனி நூல் இயற்றியவர். அந்த அரபு நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது ஜுதாம் என்பதற்கு 'லெப்ரா' என்னும் சொல் இடப்பட்டது. கிரேக்கத்தில் அச்சொல் செதில் உதிரும் தோல்நோய்களைக் குறித்ததாகும். ஒரு மொழிபெயர்ப்புச் சொல் இரண்டு நோய்களை ஒன்றாக்கிவிட்டது. செதில்படை உடையோரும் தொழுநோயாளராகக் கருதப்பட்டு ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட இக்குழப்பம் இடம் தந்தது. மொழிபெயர்ப்புக் கலை பயிலும் மாணவர் இதனை ஓர் எடுத்துக்காட்டாகவே கொள்ளலாம்.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1873ஆம் ஆண்டு நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் தொழுநோய்க் கிருமியை நுண்ணோக்கியில் கண்டார். ஒரு நோய்க்கு நுண்ணுயிரே காரணம் என்று எடுத்துரைத்த தொடக்ககாலக் கண்டுபிடிப்புகளுள் இது ஒன்று. பாவமும் பரம்பரையும் காரணமல்ல என்பது அன்றே தெளிவாகியிருக்க வேண்டும். ஆனால் கிருமியைக் கண்டதனால் மட்டும் விரல்கள் குறைவதன் காரணம் விளங்கிவிடவில்லை. கிருமி சதையைத் தின்கிறது, அதனால் விரல் அழுகி விழுகிறது என்றே மருத்துவ உலகமும் நம்பியது. நாலடியார்ப் புலவர் கண்டதையே அவர்களும் கண்டனர். காரணத்தை மட்டும் வினையிலிருந்து கிருமிக்கு மாற்றிக்கொண்டனர்.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924ஆம் ஆண்டு முதல் லேடி வில்லிங்டன் பெயரிலான தொழுநோய் மருத்துவமனை இயங்கி வந்தது. அன்று காஞ்சிபுரமும் செங்கல்பட்டு மாவட்டத்தின் ஒரு பகுதியே என்பது நினைவிற்குரியது. தென்னிந்தியாவில் இந்நோய் மிகுந்திருந்த நிலப்பகுதிகளுள் அம்மாவட்டமும் ஒன்று. 1930களின் நடுவிலிருந்து அம்மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றிருந்தவர் இராபர்ட் காக்ரேன் என்னும் தோல்நோய் வல்லுநர். அவர் 1947ஆம் ஆண்டு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்தார். பிராண்டு கொல்லிமலைப் பகுதியில் 1914இல் பிறந்து, இளமையைத் தமிழ் மக்களிடையே கழித்தவர். விரல்கள் மடங்கிய கைகளை வரிசையாகக் கண்ட அவர் நோயாளி ஒருவரிடம் தம் கையை நீட்டி, அழுத்திப் பிடிக்கும்படி கேட்டார். செயலற்ற கை என்று கருதியிருந்தவருக்கு வியப்பு காத்திருந்தது. பிடி இரும்புப்பிடியாக இறுகியது. வலி பொறுக்காமல் பிராண்டு கையை விடுவித்துக்கொள்ள நேர்ந்தது. எதிரில் இருந்தவருக்கோ, தாம் அவ்வளவு அழுத்தினோம் என்பதே தெரியவில்லை.

அந்த ஒரு பிடியில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. முன்கைத் தசைகள் வலிமை குன்றாமல் இருக்கின்றன. ஆகவே முடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்த இயலும் என்பது ஒன்று. மற்றொன்று அதனினும் பெரிது. தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்று உணராத கை, தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இரண்டாவது உண்மையைப் பிராண்டும் அவர்தம் குழுவினரும் வேலூரில் படிப்படியாக உறுதிசெய்தனர். ஒருமுறை துருவேறிய பூட்டு ஒன்றை அவரால் திறக்க இயலவில்லை. தொழுநோயுற்ற சிறுவன் ஒருவன் வந்து எளிதில் சாவியைத் திருப்பினான். தரையில் குருதி சொட்டிய பின்னரே விரல் எலும்புவரை வெட்டுண்டது தெரிந்தது. சிறுவன் அதனை உணரவே இல்லை. சுடும் பாத்திரத்தைத் துணியின்றி எடுத்தல், ஆணியை மிதித்தபடியே நடத்தல், கையிலிருக்கும் பீடி விரலைச் சுடுமளவும் பிடித்திருத்தல் எனக் காயங்களின் காரணங்கள் ஒவ்வொன்றாய்ப் புலப்பட்டன. இரவில் நலமாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்ததற்கு மட்டும் விளக்கம் கிட்டவில்லை. இரவு விழித்திருந்து காவல் காத்தபோது உண்மை வெளிப்பட்டது: உறங்குவோரின் விரல்களை எலிகள் கடித்துக்கொண்டிருந்தன. அதன்பின் வீடு திரும்பும் நோயாளர்க்கு மருந்தோடு பூனை ஒன்றும் கொடுத்தனுப்பப்பட்டது என்பர். மருத்துவ வரலாற்றில் இதனினும் எளிய தடுப்புமுறை வேறு உண்டோ என்று தெரியவில்லை!

விரல்கள் தாமே அழுகி விழுவதில்லை. நரம்பு மரத்துப் போகிறது. மரத்த இடத்தில் காயம் படுகிறது. வலியில்லாததால் காயம் கவனிக்கப்படுவதில்லை. சீழ் எலும்பை எட்டுகிறது. எலும்பு கரைந்து விரல் குறுகுகிறது. இக்காரணத் தொடரைக் கண்டபின் மருத்துவத்தின் நோக்கமே மாறியது. தோலில் தெரியும் தேமல் நோயின் முகவரி மட்டுமே; நோய் குடியிருப்பது நரம்பில்.

இறகும் பஞ்சும் நைலான் இழையும்

தொழுநோயை உறுதிசெய்ய மூன்று குறிகளை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. நிறம் வெளிறிய அல்லது சிவந்த தேமலில் தொடு உணர்வு திட்டவட்டமாகக் குறைந்திருத்தல் முதற்குறி. புற நரம்பு தடித்து, அதன் ஆளுகைக்குட்பட்ட பகுதியில் உணர்வோ வலிமையோ குறைதல் அடுத்தது. தோலைச் சிறிதே கீறி எடுத்த நிணநீர்ப் பூச்சில் கிருமி காணப்படுதல் இறுதிக்குறி. மூன்றனுள் ஒன்று இருப்பினும் போதும்.

முதற்குறியை ஆராய ஆய்வுக்கூடம் வேண்டா. ஒரு பஞ்சுத் திரியோ எழுதுகோலின் முனையோ போதும். ஆனால் செய்யும் முறையில் ஒழுங்கு வேண்டும். நல்ல வெளிச்சத்தில், முதலில் நோயாளி கண் திறந்திருக்கும்போதே, தொட்ட இடத்தை விரலால் சுட்டிக்காட்ட வேண்டும் என்று அவருக்குப் பழக்க வேண்டும். பின்னர் கண்களை மூடச்செய்து, நல்ல தோலையும் தேமலையும் மாற்றி மாற்றித் தொட வேண்டும். தேய்த்தலும் இழுத்தலும் கூடா. மெல்லத் தொட்டு எடுத்தல் வேண்டும். 'உணர்கிறதா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்பதும் தவறு. கேள்வியே விடையைக் கொடுத்துவிடும். நல்ல தோலைத் தொட்டபோது சரியாகச் சுட்டியவர், தேமலைத் தொட்டபோது வாளாவிருந்தால் அதுவே நோயின் சான்று. முகத்தில் நரம்புகள் செறிந்திருத்தலால் அங்குள்ள தேமலில் உணர்வுக் குறைவு எளிதில் தெரியாது என்பதையும் நினைவில் இருத்துதல் நன்று.

தேமல்கள் எல்லாம் தொழுநோய் அல்ல. பெரும்பாலானவை அல்லவே அல்ல. வியர்வைக் காலத்தில் மார்பிலும் முதுகிலும் படரும் பூஞ்சைத் தேமல் மெல்லிய செதிலுடன் இருக்கும், உணர்வு குன்றாது. குழந்தைகளின் கன்னத்தில் தோன்றும் வெளிறிய திட்டு தானே மறையும். படர்தாமரை வட்டமாய் விளிம்பு உயர்ந்து கடுமையாக அரிக்கும். பட்டுக்குச் சாயம் தோய்ப்போரின் கைகளில் சாயமும் உடன் சேரும் வேதிப்பொருள்களும் ஒவ்வாமையால் உண்டாக்கும் கரப்பான் உண்டு. எப்பொருள் ஒவ்வாதது என்று முதுகில் ஒட்டுச் சோதனை செய்து கண்டறிகின்றனர். இவையெல்லாம் அரிக்கும், எரியும், மனிதரை மருத்துவரிடம் துரத்தும். தொழுநோய்த் தேமலோ அரிப்பதில்லை, வலிப்பதில்லை. தொல்லை தராத காரணத்தினாலேயே அது ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் விடப்படுகிறது.

எல்லா நோயாளரிடத்தும் தேமல் உணர்விழந்திருக்கும் என்பதற்கில்லை. கிருமி மிகுந்த வகையில் தோல் பளபளத்துத் தடித்து, காதுமடல் வீங்கி, புருவமயிர் உதிரும். தொடக்கத்தில் உணர்வு இருக்கவும் கூடும். இவ்வகையில்தான் நிணநீர்ப் பூச்சும் தோல் துணுக்கு ஆய்வும் பெரிதும் கைகொடுக்கின்றன. கிருமியின் மரபுப்பொருளைப் பெருக்கிக் காணும் சோதனைகளும் இன்று பெரிய ஆய்வு நிலையங்களில் செய்யப்படுகின்றன.

இவ்வளவு முன்னேறியும் அக்கிருமியைச் சோதனைக்குழாயில் செயற்கை ஊட்டத்தில் வளர்க்க இன்றுவரை எவராலும் இயலவில்லை. எலியின் பாதத்தில் அது வளரும் என்பது 1960இலும், அர்மடில்லோ என்னும் ஓடுடைய விலங்கில் பெருகும் என்பது 1971இலும் தெரிந்தது. 2001ஆம் ஆண்டு அதன் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. ஆய்வுக்குக் கொண்ட கிருமியினத்தின் பெயர் 'டி.என்.', தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டதால் வந்த பெயர் அது. ஏறத்தாழ 1,600 மரபணுக்களே அதில் வேலை செய்கின்றன. 1,100க்கும் மேற்பட்டவை பழுதுற்றுக் கிடக்கின்றன. மனித உடலையே நம்பி வாழ்ந்து, தனித்து வாழும் ஆற்றலை இழந்துவிட்ட கிருமி அது. ஒருமுறை இரண்டாய்ப் பிரிய அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. நோய் வெளிப்படச் சராசரி ஐந்து ஆண்டுகளும், சிலர்க்கு 20 ஆண்டுகளும் ஆவதற்கு இம்மந்தமே காரணமாகும். எவரிடமிருந்து தொற்றியது என்று எவரும் அறுதியிட்டுக் கூற இயலாமையால்தான் வினையும் சாபமும் அவ்விடத்தை நிரப்பிக்கொண்டன எனலாம்.

நரம்பின் நிலையை அளக்க இன்னொரு கருவி உண்டு. நூலோடு வாழும் காஞ்சி நகரத்தார்க்கு அது பிடித்தமானதாக இருக்கும். வெவ்வேறு பருமனுள்ள நைலான் இழைகளைக் கைப்பிடிகளில் பொருத்தியிருப்பர். ஒவ்வோர் இழையும் குறிப்பிட்ட எடை அழுத்தத்தில் வளையும். இயல்பான உள்ளங்கை 0.2 கிராம் அழுத்தத்தை உணர்ந்துவிடும். கையில் 2 கிராம், காலடியில் 10 கிராம் அழுத்தமும் உணரப்படவில்லையென்றால் அவ்வுறுப்பு தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்வை இழந்துவிட்டது என்று பொருள். மாதந்தோறும் இவ்வாறு அளந்து குறித்துவந்தால், நோயாளி அறியுமுன்னரே நரம்பின் சரிவை மருத்துவர் அறியலாம்.

தறியில் அமரும் கை

நெசவாளரின் கைக்கு இந்நோய் என்ன செய்யும் என்பதை நரம்பு வாரியாகக் காணலாம். கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடும். தோலுக்கு அண்மையில் ஓடும் நரம்புகள் ஆதலின் முழங்கையின் உட்புறத்தில் எலும்பையொட்டிச் செல்லும் நரம்பே பெரும்பாலும் முதலில் தாக்குண்கிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை 'சுரீர்' என்று ஓடுமே, அந்த நரம்புதான். அது தடித்தால் விரலால் உருட்டிப் பார்த்து உணரலாம். அது செயலிழந்தால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து மடங்கும்; கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இறுக்கும் கிள்ளுப்பிடி தளரும்.

பட்டுத்தறியில் அந்தக் கிள்ளுப்பிடியின் வேலை யாது என்று காஞ்சியாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அறுந்த இழையைக் கண்ணால் தேடுவதற்குமுன் விரல் கண்டுவிடும். பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நுனியை ஒவ்வோர் இழையாக முறுக்கிப் பிணைப்பதும், கோர்வையில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சேருமிடத்தில் இழை தளராமல் காப்பதும் விரல்நுனியின் அறிவால் நிகழ்வன. சரிகை இழை கூர்மையானது. உணர்வற்ற விரலில் அது கீறிய தடம் மாலைவரை தெரியாது. குழித்தறியில் கால்களுக்கும் வேலை உண்டு. முழங்காலின் வெளிப்புற நரம்பு தாக்குண்டால் பாதம் தூக்க மாட்டாமல் தொங்கும். மிதியை மாற்றி மிதிக்க இயலாது. கணுக்காலின் உட்புற நரம்பு தாக்குண்டால் உள்ளங்கால் மரத்துப் புண்படும். பிற தொழிலில் ஓரளவு ஈடுகட்டக்கூடிய குறை, தறியில் பிழைப்பையே பறித்துவிடும்.

பிராண்டு தொடங்கிய அறுவை முறையில், வலிமையுள்ள முன்கைத் தசையொன்றின் நாணை எடுத்து விரல்களுக்கு இணைக்கின்றனர். நோயாளி புதிய தசையைப் பழைய வேலைக்குப் பழக்குவதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். 1955இல் காட்பாடியை அடுத்த கரிகிரியில் தொடங்கப்பெற்ற ஆய்வு நிலையம் இவ்வறுவையையும், மரத்த பாதத்திற்கேற்ற மென்ரப்பர் செருப்பையும் உலகுக்குப் பரப்பியது. முடங்கிய விரலை இவ்வறுவை நிமிர்த்தும். இழந்த தொடு உணர்வைத் திருப்பித் தரும் அறுவை எதுவும் இல்லை. நரம்பு தாக்குண்ட முதல் ஆறு மாதத்திற்குள் கண்டுகொண்டால் மட்டும் பிரட்னிசோலோன் மாத்திரையால் பெரும்பாலோர்க்கு அதனை மீட்கலாம். அச்சிகிச்சை ஏறக்குறைய 20 வாரம் நீளும். காலத்தே கண்டறிதல் என்று மருத்துவர் ஓயாது வற்புறுத்துவதன் உட்பொருள் அந்த ஆறு மாதம்தான்.

நீரடிமுத்து முதல் கூட்டுமருந்து வரை

நீரடிமுத்து எண்ணெயே நெடுங்காலம் இந்நோய்க்கு மருந்தாக இருந்தது. அதனை ஊசியாகச் செலுத்தியபோது நோயாளர் பட்ட துன்பம் பெரிது, பயன் சிறிது. 1940களின் பிற்பகுதியில் காக்ரேனும் அவர்தம் உடன்பணியாளரும் செங்கல்பட்டில் டாப்சோன் என்னும் மருந்தை முதன்முதலாகத் தொழுநோய்க்கு ஆண்டு பார்த்தனர். அது நஞ்சு மிகுந்தது என்று மருத்துவ உலகம் ஒதுக்கியிருந்தது. அளவைக் குறைத்தால் தாங்கத்தக்கது என்பது தெரியவந்ததும், விலை மலிந்த அம்மருந்து உலகெங்கும் பரவியது.

மருந்து மலிந்ததும் மருத்துவமனை மதில்கள் தேவையற்றனவாயின. 1955ஆம் ஆண்டு திருமணி மருத்துவமனையை இந்திய அரசு ஏற்று, மத்திய தொழுநோய் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கியது. அதே ஆண்டில் மதுராந்தகத்தை அடுத்த போளம்பாக்கத்தில் பெல்ஜிய நாட்டு மருத்துவர் ஹெமரிக்ஸ் தம் பணியைத் தொடங்கினார். அவர் நோயாளரைத் தம்மிடம் வரவழைக்கவில்லை. குறித்த நாளில் குறித்த மரத்தடிக்கு அவரே சென்றார். நிழலே மருத்துவமனை ஆயிற்று. அவருக்குப்பின் கிளேர் வெல்லூட் என்னும் பெண் மருத்துவர் அப்பணியைப் பல்லாண்டு நடத்தினார். இம்மரத்தடி முறையே பின்னர் நாட்டின் தொழுநோய்த் திட்டங்களுக்கு வழிகாட்டியாயிற்று. வீட்டைவிட்டுப் பிரிக்காமல் நோயைத் தீர்க்க இயலும் என்று காட்டியதே அதன் பெருஞ்சாதனை என்பது என் கருத்து.

தனித்து வழங்கிய டாப்சோனுக்குக் கிருமி பணியாமற்போவது 1964இல் மலேயாவில் மெய்ப்பிக்கப்பட்டது. ஆகவே 1982இல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், குளோஃபசிமைன், டாப்சோன் ஆகிய மூன்றையும் இணைத்த கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ரிஃபாம்பிசின் ஒரே வேளையில் கிருமிகளில் மிகப்பெரும்பகுதியை அழித்துவிடும். தேமல் ஐந்துக்கு உட்பட்டோர்க்கு ஆறு மாதமும், மிகுந்தோர்க்கு 12 மாதமும் சிகிச்சை. மாத்திரை அட்டைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிறுநீர் சிவப்பதும் தோல் கருப்பதும் மருந்தின் விளைவுகள். சிகிச்சை முடிந்தபின் அவை நீங்கும். இடையே தேமல் சிவந்து வீங்கினாலோ நரம்பு வலித்தாலோ மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடுதல் பெருங்கேடு. அது உடலின் எதிர்ப்பாற்றல் எழுப்பும் வினை. அந்த நாளிலேயே மருத்துவரைக் காண வேண்டும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே ஒருவரிடமிருந்து பிறர்க்குத் தொற்றும் ஆற்றல் நீங்கிவிடுகிறது. ஒரே தட்டில் உண்பதற்கும் ஒரே அறையில் உறங்குவதற்கும் அதன்பின் தடை கூறுவது அறியாமை.

சட்டம் அவ்வறியாமையிலிருந்து விடுபட நெடுங்காலம் பிடித்தது. தொழுநோயாளரை ஒதுக்கி வைக்க வகைசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. மணவிலக்குக் கோரத் தொழுநோயைக் காரணமாகக் காட்டலாம் என்பது இந்து, கிறித்தவ, சிறப்புத் திருமணச் சட்டங்களிலும், 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் இருந்து வந்தது. 2019ஆம் ஆண்டுத் தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம் அவ்வெல்லாவற்றிலிருந்தும் அதனை அகற்றியது. ஜமாஅத்துப் பெரியோர்களும் ஊர்ப் பஞ்சாயத்தாரும் இத்திருத்தத்தை அறிந்திருத்தல் நலம். ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ தீரும் நோயைச் சொல்லிக் குடும்பத்தைப் பிரிக்க இனிச் சட்டத்தில் இடமில்லை.

மறக்கப்படும் கலை

2005ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவில் தொழுநோய் 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவிற்கும் கீழே இறங்கியது. 'ஒழிந்தது' என்று மக்கள் பொருள் கொண்டுவிட்டனர். ஆனால் 2023ஆம் ஆண்டில் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட 1,82,815 பேரில் 1,07,000க்கும் மேற்பட்டோர் இந்தியர். நோய் அருகியதனால் ஒரு புதிய இடர் தோன்றியுள்ளது. வீடு வீடாய்ச் சென்று தேமலைத் தொட்டுப்பார்த்த தனிப்பயிற்சியாளர் தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. ஆண்டிற்கு ஓரிரு நோயாளரையே காணும் இளம் மருத்துவர், தேமலைக் கண்டதும் முழங்கை நரம்பை உருட்டிப் பார்க்கும் பழக்கத்தை எங்ஙனம் பெறுவார்?

மருந்துக்கடையில் தாமே வாங்கிப் பூசும் களிம்புகள் இவ்விடரைப் பெருக்குகின்றன. ஸ்டீராய்டு கலந்த களிம்பு எந்தத் தேமலையும் சிலநாள் மங்கச்செய்யும். நோய் தணிந்ததாக எண்ணி மாதங்கள் கழியும். நரம்போ உள்ளே தேய்ந்துகொண்டிருக்கும். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்ததால் மட்டும் கடையில் விற்பனை நின்றுவிட்டதாகக் கூறுவதற்கில்லை.

ஒருவர்க்கு நோய் உறுதியானதும் செய்யத்தக்கது இன்னொன்று உள்ளது. உடன் வாழ்வோரையும் அண்டை வீட்டாரையும் பரிசோதித்து, நோயில்லாதவர்க்கு ரிஃபாம்பிசின் ஒரே ஒரு வேளை அளிக்கும் முறை அது. வங்கதேசத்தில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இம்முறையால் முதல் ஈராண்டுகளில் புதிய நோய் பாதிக்கும் மேலாகக் குறைந்தது கண்டறியப்பட்டது. இந்தியத் திட்டமும் இதனை ஏற்றுள்ளது. இம்மாத்திரை பயன்படவேண்டுமானால் நோயாளி தம் வீட்டாரின் பெயரையும் அண்டை வீட்டாரின் பெயரையும் சுகாதாரப் பணியாளரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் தெருவுக்குத் தெரிந்துவிடுமே என்று அவர் அஞ்சுகிறார். அவ்வச்சம் இருக்கும் தெருவில் மாத்திரை அட்டைக்குள்ளேயே தங்கிவிடுகிறது.